ஜீரோ 2 டபிள்யூ: யூஎஸ்பி டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல நடிகன்

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற பதினைந்து டாலர் குட்டிக் கணினிப் போர்டில் யூஎஸ்பி டிரைவர் (சாதனத்தோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் நிரல்) எழுதிப் பழக முடியுமா என்று சேலத்தில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கருப்பூர் பக்கம் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர்கள், தறிக்கூடங்களில் நெசவு டிசைனை இயக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். மூவருக்கும் பதில் ஒன்றுதான். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் டிரைவரை அதில் ஓட்டாதீர்கள். அதைக் கேபிளின் மறுமுனையில் வையுங்கள்.

யூஎஸ்பியில் கேட்கிற முனை ஒன்று, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற முனை ஒன்று. முன்னது ஹோஸ்ட், பின்னது சாதனம். நாம் எழுதும் லினக்ஸ் டிரைவர் ஹோஸ்டில் ஓடுகிறது. அதைச் சோதிக்க எதிரே சாதனம் வேண்டும். கடையில் நாள் முழுக்க எடை போட்டுக்கொண்டிருக்கும் தராசை நமக்காக யாரும் கழற்றித் தரமாட்டார்கள். தந்தாலும் பயன் குறைவு. ஒழுங்காக வேலை செய்கிற தராசு டிரைவரின் நல்ல பாதையை மட்டும்தான் சோதிக்கும். பதில் பாதியில் நின்றால், கேட்டதைவிட அதிக பைட் வந்தால், ஒரு கட்டளையை மறுத்தால், படித்துக்கொண்டிருக்கும்போதே கேபிள் பிடுங்கப்பட்டால் என்ன ஆகும்? இவற்றையெல்லாம் நிஜத் தராசிடம் 'இப்போது செய்' என்று கேட்க முடியாது. ஜீரோ 2 டபிள்யூவிடம் கேட்கலாம். இந்த விமர்சனம் அந்த ஒரு வேலைக்கு இது எவ்வளவு தகுதி என்பதைப் பற்றித்தான்.

2021 அக்டோபரில் வந்த போர்டு. 65க்கு 30 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சூயிங்கம் பாக்கெட். நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர், 1 கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. விளிம்பில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்: ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு, உள்பக்கம் இருப்பது டேட்டாவுக்கு. இந்த டேட்டா சாக்கெட்டுக்கும் சிப்புக்கும் நடுவில் ஹப் (ஒரு இணைப்பைப் பல சாக்கெட்டாகப் பிரிப்பது) எதுவும் இல்லை. கம்பி நேராக சினாப்ஸிஸின் டிசைன்வேர் ஓடிஜி கண்ட்ரோலருக்குப் போகிறது. அதனால்தான் இது ஹோஸ்டாகவும் சாதனமாகவும் இருக்க முடிகிறது. பை 3பி போன்ற போர்டுகளில் நடுவில் ஹப்பும் ஈதர்நெட்டும் சேர்ந்த சிப் உட்கார்ந்திருக்கிறது. அங்கே என்ன மந்திரம் போட்டாலும் சாதனமாக நடிக்காது. பை 4இன் டைப்-சி சாக்கெட் நடிக்கும். ஆனால் மின்சாரம் வருவதும் அதே வழியில்தான். நடிக்க வைத்தால் போர்டுக்கு உயிர் கொடுக்க வேறு வழி தேட வேண்டும்.

ஆக, பரிந்துரைக்கிற ஜோடி இது. டிரைவர் ஓட பை 4, எதிரே நடிக்க ஜீரோ 2 டபிள்யூ, நடுவில் ஒரு மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள்.

கேபிளில்தான் முதல் அடி

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடையில் கேட்டால் கிடைக்கும் மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் கணிசமானவை சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனவை. உள்ளே சிவப்பும் கறுப்பும் இருக்கும், பச்சையும் வெள்ளையும் இருக்காது. போர்டு உயிர்பெறும், விளக்கு எரியும், ஹோஸ்டின் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் லாகில் ஒரு வரிகூட வராது. தப்பாக அமைக்கப்பட்ட சாதனம் ஏதாவது ஒரு எரரோடு முனகும். முழு மௌனம் என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள், உங்கள் ஸ்கிரிப்டை அல்ல.

அடுத்தது மின்சாரம். ஜீரோவின் இரண்டு சாக்கெட்டுகளின் 5 வோல்ட்டும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. பவர் சாக்கெட்டில் தனி சார்ஜரும், டேட்டா சாக்கெட்டில் பை 4உம் ஒரே நேரத்தில் செருகினால் சார்ஜரின் மின்சாரம் பை 4க்குள் பின்வாசல் வழியாக ஏறும். இரண்டு வழி உண்டு. டேட்டா கேபிள் வழியாக மட்டுமே மின்சாரம் கொடுப்பது ஒன்று. பை 4இன் நான்கு சாக்கெட்டுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர் கிடைக்கும், வேறு பெரிய சாதனம் செருகாதவரை போதும். இன்னொன்று, டேட்டா கேபிளின் சிவப்புக் கம்பியை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுத் தனி சார்ஜர் போடுவது. நீண்ட நாள் சோதனைக்கு இரண்டாவதுதான் சரி. முதல் வழியில் பை 4 அணைந்தால் ஜீரோவும் அதே கணத்தில் அணையும், மெமரி கார்டு ஒருநாள் கெட்டுப்போகும். எந்த வழியானாலும் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி, கார்டை எழுத முடியாததாக்கி வைத்தால் அந்தத் தலைவலி இல்லை.

வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் பை 4 லாகில் புலம்பும்; ஜீரோ வகைப் போர்டுகளில் இந்தக் கண்காணிப்புச் சுற்று இல்லை. பை 4இல் விசிஜென்சிஎம்டி கட்டளையில் த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேளுங்கள். பூஜ்யம் வந்தால் நிம்மதி. பதினாறடிமானத்தில் 50000 வந்தால் எப்போதோ ஒரு தடவை இறங்கியிருக்கிறது, 50005 என்றால் இப்போதே இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த எண்ணைப் பார்க்காமல் டிரைவரில் தப்பு தேடுவது, எண்ணெய் இருக்கிறதா என்று பாராமல் விளக்குத் திரியைக் குறை சொல்கிற கதை.

வேஷம் கட்டுவது

பூட் பார்ட்டிஷனில் உள்ள கான்ஃபிக் ஃபைலில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை (அந்த ஓடிஜி கண்ட்ரோலருக்கான அமைப்பு) பெரிஃபெரல், அதாவது சாதன, மோடில் சேர்க்க வேண்டும். புதிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அந்த ஃபைலுக்குள் போர்டு வாரியாகப் பகுதிகள் இருக்கும். வேறொரு போர்டுக்கான பகுதிக்குக் கீழே தெரியாமல் எழுதிவிட்டால் வரி இருக்கும், வேலை நடக்காது. 'ஆல்' என்ற பகுதிக்குக் கீழே எழுதுங்கள். ரீபூட் செய்தபின் சிஸ்எஃப்எஸ்ஸின் (கெர்னல் தன் நிலையை ஃபைல்களாகக் காட்டும் இடம்) யூடிசி ஃபோல்டரில் (சாதனமாக நடிக்கக்கூடிய கண்ட்ரோலர்களின் பட்டியல்) 3எஃப்980000.யூஎஸ்பி என்று ஒரு பெயர் தெரிந்தால் மேடை தயார்.

பிறகு லிப்காம்போசிட் மாட்யூலை (கெர்னலில் வேண்டும்போது சேர்க்கும் துண்டு) ஏற்றி, கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் (ஃபைல்கள் வழியே கெர்னலை அமைக்கும் இடம்) ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வெண்டர் (தயாரிப்பாளர்) எண், ப்ராடக்ட் எண், பெயர்கள், ஒரு கான்ஃபிகரேஷன், ஒரு ஃபங்ஷன் (சாதனம் செய்யும் வேலை) என்று வரிசையாக எழுதி, ஃபங்ஷனைக் கான்ஃபிகரேஷனுக்குள் லிங்க் செய்து, கடைசியில் அந்த 3எஃப்980000.யூஎஸ்பி பெயரை யூடிசி ஃபைலில் எழுத வேண்டும். தட்டுவடை செட் அடுக்குகிற மாதிரிதான். கீழ்த்தட்டை, சட்னி, துருவிய காய், மேல்தட்டை. மேல்தட்டையை வைத்தபிறகு நடுவில் சட்னி தடவ முடியாது. யூடிசியில் எழுதுவதுதான் மேல்தட்டை. லிங்க் போடாமல் எழுதினால், கான்ஃபிகரேஷனில் ஒரு ஃபங்ஷனாவது வேண்டும் என்று கெர்னலே லாகில் சொல்லிவிடும். எதையாவது மாற்ற வேண்டுமானால் யூடிசியில் வெற்று வரியை எழுதிக் கழற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஏசிஎம் என்ற தயார் ஃபங்ஷனைப் போட்டால் பத்து நிமிடத்தில் ஒரு சீரியல் சாதனம் கிடைத்துவிடும். கிடைக்கிற சந்தோஷத்தில் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அது ஒழுங்கான சாதனம், நமக்கு வேண்டியது ஒழுங்கற்றது. அதற்கு ஃபங்ஷன்எஃப்எஸ் இருக்கிறது. எண்ட்பாயிண்டுகளை, அதாவது சாதனத்தின் டேட்டா வாசல்களை, சாதாரண ஃபைல்களாகத் திறந்துகொடுக்கும். சி மொழியிலோ பைத்தானிலோ எழுதிய நிரல் அவற்றைப் படித்து எழுதலாம். முதலில் ஈபி0 ஃபைலில் டிஸ்கிரிப்டர்களையும் (சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள்) ஸ்ட்ரிங்குகளையும் எழுத வேண்டும், அதன்பிறகுதான் ஈபி1, ஈபி2 ஃபைல்கள் முளைக்கும், அதற்கும் பிறகுதான் யூடிசியில் எழுத வேண்டும். முந்திக்கொண்டால் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று எரர். கெர்னல் 5.7இல், 2020இல், ரா-கேஜெட் என்ற இன்னொரு வழியும் சேர்ந்தது. டிஸ்கிரிப்டர்களையே கோணலாக அனுப்ப வேண்டுமானால் அதுதான் தோது, ஆனால் உங்கள் கெர்னலில் அந்த மாட்யூல் கட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சிஎச்340ஐ நடிக்க வைத்துப் பார்த்தால்

பழக்கத்துக்கு எடுத்துக்கொள்ள ஏற்ற சிப், யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340. 1ஏ86:7523 என்ற வெண்டர், ப்ராடக்ட் எண்ணோடு வரும். மலிவு அர்டுயினோ முதல் சீரியல் மாற்றிகள் வரை எங்கும் இருப்பது. கெர்னலில் இதற்கு சிஎச்341 என்ற டிரைவர் ஏற்கெனவே உண்டு. ஒரே ஃபைல், ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். அதை ஹோஸ்டில் வைத்துக்கொண்டு ஜீரோவை சிஎச்340ஆக நடிக்க வைத்தால், கெர்னல் டிரைவர் ஒவ்வொரு படியிலும் என்ன எதிர்பார்க்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும்.

ஒன்று, வேகம். ஜீரோ இயல்பாக 480 எம்பிபிஎஸ் ஹை-ஸ்பீடில் பேசும். ஹை-ஸ்பீடில் பல்க் (டேட்டாவை மொத்தமாக அனுப்பும் வகை) பேக்கெட் 512 பைட்டாகத்தான் இருக்க வேண்டும், அது யூஎஸ்பி 2.0 விதி. நிஜ சிஎச்340 12 எம்பிபிஎஸ் ஃபுல்-ஸ்பீடு சாதனம். பல்க் எண்ட்பாயிண்ட் போக ஒன்று வர ஒன்று, தலா 32 பைட், கூடவே 8 பைட்டில் ஒரு இண்டரப்ட் எண்ட்பாயிண்ட். கான்ஃபிக்எஃப்எஸ்ஸில் உருவாக்கிய கேஜெட் ஃபோல்டரில் மேக்ஸ்_ஸ்பீடு ஃபைலில் ஃபுல்-ஸ்பீடு என்று எழுதாவிட்டால் உங்கள் நடிகர் 512 பைட் பேக்கெட்டில் பேசுவார். 32 பைட் எல்லையில் ஒளிந்திருக்கும் தப்பு ஒன்றுகூட வெளியே வராது. எல்லாம் சரி என்று நம்பி டிரைவரைக் கடைக்கு எடுத்துப் போவீர்கள். அங்கே சிஎச்340 வழியாகத் தராசு அனுப்பும் வரி 16 எழுத்து என்று வையுங்கள். இரண்டு வரி சேர்ந்தால் சரியாக 32. டிரைவர் 256 பைட் பஃபரைக் கொடுத்துக் காத்திருந்தால், முழுப் பேக்கெட் ஒன்று வந்ததால் டிரான்ஸ்ஃபர் முடிந்ததாக ஹோஸ்ட் கருதாது. பஃபர் நிறைய வேண்டும், இல்லை 32ஐவிடக் குட்டையான பேக்கெட் ஒன்று வர வேண்டும். தராசு அடுத்த எடைக்குக் காத்திருக்கும், டிரைவர் மீதிக்குக் காத்திருக்கும், திரையில் பழைய எடையே நிற்கும். வெள்ளிக்கடையில் இதைவிட மோசமான தப்பு கிடையாது.

இரண்டு, கண்ட்ரோல் கட்டளைகள். சிஎச்341 டிரைவர் சாதனத்தைப் பார்த்ததும் 5எஃப் என்ற கட்டளையில் வெர்ஷனைக் கேட்கும், இரண்டு பைட் பதில் வேண்டும். பிறகு ஏ1இல் தயார்ப்படுத்தும், 9ஏவில் ரெஜிஸ்டர் எழுதும், ஏ4இல் மோடம் கம்பிகளை ஆட்டும். ஏசிஎம் ஃபங்ஷனுக்கு இவை புரியாது. மறுத்துவிடும், டிரைவர் -32 என்ற எரர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஃபங்ஷன்எஃப்எஸ்ஸிலும் இது தானாக வராது. இந்தக் கட்டளைகள் இண்டர்ஃபேஸுக்கு அல்ல, சாதனத்துக்கே அனுப்பப்படுகின்றன. டிஸ்கிரிப்டர் தலைப்பில் 'ஆல் கண்ட்ரோல் ரெசிப்' என்ற கொடியை ஏற்றினால்தான் அவை உங்கள் நிரலின் கைக்கு வரும். இந்தக் கொடி தெரியாமல் நாள்கணக்கில் திண்டாடுகிறவர்கள் நிறைய.

மூன்று, உபுண்டு 22.04 ஓடும் கணினியை ஹோஸ்டாக வைத்தால் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல் நடுவில் புகும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்குவது அதன் வேலை. அவற்றில் சில இதே 1ஏ86:7523 எண்ணைப் பயன்படுத்துவதால் சாதனத்தைக் கைப்பற்றிக்கொள்ளும், சீரியல் ஃபைல் தோன்றி உடனே மறையும். பிரெய்ல் கருவி இல்லாத கணினியென்றால் நீக்கிவிடலாம்.

இந்த நடிப்பெல்லாம் உங்கள் மேஜையோடு சரி. சொந்தமாகச் சாதனம் செய்து வெளியே கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அடுத்தவர் வெண்டர் எண்ணைப் போடக்கூடாது. திறந்த மூல வன்பொருளுக்கு 1209 என்ற வெண்டர் எண்ணின் கீழ் பிஐடி.கோட்ஸ் திட்டம் இலவசமாக ப்ராடக்ட் எண் தருகிறது.

எரர் எண்களை வேண்டியபோது வரவழைப்பது

இந்தப் போர்டுக்குக் கொடுத்த காசு வசூலாகிற இடம் இதுதான்.

டிரைவர் 20 பைட் கேட்கிறது, சாதனம் 32 பைட் பேக்கெட் அனுப்புகிறது. ஹோஸ்டில் -75, அதாவது கேட்டதைவிட அதிகம் வந்துவிட்டது என்ற எரர். கேட்கும் பஃபர் அளவு எப்போதும் பேக்கெட் அளவின் மடங்காக இருக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் மறக்கும், இதை ஒரு முறை வரவழைத்துப் பார்த்தால் மறக்காது. எண்ட்பாயிண்டை நிரலிலிருந்து ஸ்டால் செய்யுங்கள் (மறுத்து நிறுத்துவது), -32 வரும். பல்க் எண்ட்பாயிண்டில் வந்தால் ஹால்ட்டை நீக்கும் கட்டளையை டிரைவர் அனுப்ப வேண்டும். கண்ட்ரோலில் வந்தால் தேவையில்லை, அடுத்த செட்அப் பேக்கெட்டே அதைத் துடைத்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாத டிரைவர் ஒரு ஸ்டாலுக்குப் பிறகு நிரந்தரமாக ஊமையாகிவிடும். பதிலே அனுப்பாமல் இருங்கள், -110 (நேரம் தாண்டியது) வரும்.

-71 வேறு ரகம். ப்ரோட்டோகால் எரர் என்று பெயர், ஆனால் பெரும்பாலும் கம்பி, மின்சாரம், அல்லது பிடுங்கப்பட்ட கேபிள். இங்கேதான் தறிக்கூடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். இளம்பிள்ளையிலோ தாரமங்கலத்திலோ ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து தறி மோட்டார்கள் ஒரே லைனில் ஓடுகின்றன. ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் யூஎஸ்பி கேபிளில் இரைச்சல் ஏறுகிறது. ஹப் அந்த சாக்கெட்டை அணைத்துவிடுகிறது. கெர்னல் லாகில் வருகிற வரியைப் பாருங்கள்: ஹப் அணைத்துவிட்டது என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் இஎம்ஐ, அதாவது மின்காந்த இரைச்சல், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கெர்னலே சந்தேகத்தோடு கேட்கிறது. பதில் பெரும்பாலும் ஆமாம்தான்.

கம்பியைச் சரிசெய்வது ஒரு பக்கம். கேபிளைக் குறைப்பது, மோட்டார் லைனோடு சேர்த்துக் கட்டாமல் இருப்பது, ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டுவது, சாதனம் 12 எம்பிபிஎஸ்ஸுக்குள் என்றால் ஏடியுஎம்3160 சிப் உள்ள ஐசொலேட்டர் (இரு பக்க மின்சுற்றையும் பிரித்து வைக்கும்) போர்டு ஒன்றை நடுவில் போடுவது. அந்த சிப் 480 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆகாது. ஜக்கார்டு பெட்டி ஹை-ஸ்பீடில் பேசுகிறதென்றால் அதை வாங்கிக் காசைத் தொலைக்காதீர்கள்.

டிரைவர் பக்கம் பலர் கவனிக்காத ஒரு ஓட்டை உண்டு. கேபிள் பிடுங்கப்பட்ட கணத்துக்கும் டிரைவரின் டிஸ்கனெக்ட் அழைக்கப்படும் கணத்துக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் அனுப்பிய யுஆர்பிகள் (டிரைவரின் யூஎஸ்பி கோரிக்கைகள்) எல்லாம் -71உடன் திரும்பி வரும். கோரிக்கை முடிந்ததும் அழைக்கப்படும் கம்ப்ளீஷன் ஹேண்ட்லரில் 'எரர் வந்தால் மறுபடி சப்மிட்' என்று எழுதியிருந்தால், அனுப்பு, திரும்பு, அனுப்பு, திரும்பு என்று சுழல ஆரம்பிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு லாக் வரி வேறு அச்சடித்தால் லாக் ஃபைல் நிரம்பி, மற்ற எல்லாம் தவழும். சரியான வழி: தொடர்ந்து வரும் -71களை எண்ணுங்கள். சிலவற்றுக்குமேல் போனால் ஹேண்ட்லரிலிருந்து சப்மிட் செய்வதை நிறுத்திவிட்டு, டிலேய்டு ஒர்க் ஒன்றில் சில நூறு மில்லி விநாடி தள்ளி முயலுங்கள். -2, -104, -108 வந்தால் யுஆர்பி வேண்டுமென்றே கொல்லப்பட்டிருக்கிறது அல்லது சாதனம் போய்விட்டது, பேசாமல் திரும்பிவிடுங்கள். ஹேண்ட்லருக்குள் மெமரி கேட்டாலும் மறு சப்மிட் செய்தாலும் ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடியோடுதான், அங்கே தூங்க அனுமதி இல்லை.

இதையெல்லாம் சோதிக்க ஜீரோவில் நான்கு வரி ஷெல் லூப் போதும். யூடிசியில் வெற்று வரி, சிறு தூக்கம், மறுபடி பெயர், சிறு தூக்கம். ஒரு சுற்று 3 விநாடி என்றால் மணிக்கு 1,200 முறை கழற்றி மாட்டலாம். அதே நேரம் பை 4இல் ஒரு நிரல் சாதன ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தபடியே இருக்க வேண்டும். திறந்திருக்கும்போது சாதனம் போய்விட்டால், டிஸ்கனெக்ட் விடுவித்த மெமரியைப் படிக்கிற நிரல் தொடுவதுதான் யூஎஸ்பி டிரைவர்களின் பழைய வியாதி. கெர்னலோடு வரும் யூஎஸ்பி-ஸ்கெலிட்டன் உதாரணத்தில் கேரெஃப் (பயன்படுத்துகிறவர்களை எண்ணுவது), ஆங்கர் (யுஆர்பிகளைக் கட்டி வைப்பது), மியூட்டெக்ஸ் (பூட்டு) மூன்றும் ஏன் இருக்கின்றன என்பது இந்த லூப்பை ஓடவிட்டால் புரிந்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும். இது மென்பொருள் வழிக் கழற்றல். கம்பி பாதி பிடுங்கப்படும்போது வரும் மின் குழப்பம் இதில் வராது, அதற்குக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும்.

டிரைவரை எழுத ஆரம்பிக்கும் முன்பே ஓட்டிப் பார்க்கத் தகுந்தது ஜி_ஜீரோ. ஜீரோவில் அந்த மாட்யூலை ஏற்றினால் 0525:ஏ4ஏ0 என்ற எண்ணோடு ஒரு சோதனைச் சாதனம் எழும். ஹோஸ்டில் யூஎஸ்பிடெஸ்ட் மாட்யூலும் கெர்னல் மூலத்தில் உள்ள டெஸ்ட்யூஎஸ்பி கருவியும் அதை வறுத்தெடுக்கும். கேபிள், ஹப், மின்சாரம் எல்லாம் சரியா என்பது இதில் தெரிந்துவிடும். இது தேறாத மேஜையில் உங்கள் டிரைவரைக் குறை சொல்ல இடமே இல்லை.

ஹோஸ்டாக ஏன் வேண்டாம்

512 எம்பி ரேமில் தனி மாட்யூல் ஒன்றைக் கட்டுவது நடக்கும். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஆர்பிஐ-வி8 பேக்கேஜைப் போட்டுவிட்டு மேக் அடித்தால் முடிந்தது. ஓடும் கெர்னலும் ஹெடர்களும் வெவ்வேறு பதிப்பாக இருந்தால் 'மாட்யூல் வடிவம் சரியில்லை' என்று சொல்லும், அப்டேட்டுக்குப் பின் ரீபூட் செய்யாததுதான் பெரும்பாலும் காரணம். முழுக் கெர்னலை இதில் கட்ட நினைக்காதீர்கள். நான்கு கோரிலும் கம்பைலரை ஓடவிட்டால் மெமரி தீர்ந்து செத்துவிழும். பிசிஎம்2711 டிஃப்கான்ஃபிக் என்ற தயார் அமைப்பை வைத்து உங்கள் கணினியில் கிராஸ் கம்பைல் (வேறு சிப்புக்காகக் கட்டுவது) செய்யுங்கள், அந்த ஒரே 64 பிட் கெர்னல் பை 4க்கும் ஜீரோ 2 டபிள்யூவுக்கும் பொருந்தும்.

ரேமைவிடப் பெரிய குறை கண்ட்ரோலர். ஹை-ஸ்பீடு பஸ்ஸில் விநாடிக்கு 8,000 மைக்ரோஃபிரேம், அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. ஹப்புக்குப் பின்னால் ஃபுல்-ஸ்பீடு சாதனம் இருந்தால், ஸ்பிளிட் டிரான்ஸாக்ஷனின் (வேக வித்தியாசத்துக்காகத் துண்டாக்கி அனுப்பும் பரிமாற்றம்) எந்தத் துண்டை எந்த மைக்ரோஃபிரேமில் அனுப்புவது என்பதை இந்தக் கண்ட்ரோலரில் மென்பொருள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ராஸ்பெர்ரி பை கெர்னலில் உள்ள டிடபிள்யூசி_ஓடிஜி டிரைவர் எஃப்ஐக்யூ என்ற அவசர இண்டரப்டை வைத்து இதைச் சமாளிக்கிறது. மெயின்லைன் (எல்லோருக்கும் பொதுவான மூல லினக்ஸ்) கெர்னலில் இருப்பதோ டிடபிள்யூசி2 என்ற வேறு டிரைவர். ஆகவே ஜீரோவை ஹோஸ்டாக வைத்து, ஓடிஜி கேபிள், ஹப் எல்லாம் கோர்த்து, அதில் ஒரு பைட் தொலைந்தால், தொலைத்தது உங்கள் டிரைவரா, ஹோஸ்ட் டிரைவரா, ஹப்பா என்று பிரிக்க முடியாது. பை 4இல் எக்ஸ்எச்சிஐ கண்ட்ரோலர் இந்தக் கணக்கை வன்பொருளிலேயே போட்டுக்கொள்கிறது. அங்கே எழுதி முடியுங்கள். கடைசியில் ஒரு தடவை ஜீரோவில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. எக்ஸ்எச்சிஐயில் தப்பித்துக்கொண்ட தப்பு சில இங்கே மாட்டும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கண்ட்ரோல் மெசேஜுக்கு ஃபங்ஷனுக்குள் அறிவித்த லோக்கல் அரேயைக் கொடுத்தால் 'டிரான்ஸ்ஃபர் பஃபர் ஸ்டாக்கில் இருக்கிறது' என்று கெர்னல் எச்சரிக்கும். கேமல்லாக்கில் கெர்னலிடம் தனி மெமரி கேட்டு வாங்கிக் கொடுங்கள். கெர்னல் 5.10 முதல் உள்ள யூஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி_சென்ட், ரிசீவ் இரண்டும் தாமே நகலெடுத்துக்கொள்ளும், புது டிரைவருக்கு அவையே போதும்.

இன்னொரு உபயோகம், விளம்பரத்தில் இல்லாதது

உங்கள் டிரைவர் பை 4இன் கெர்னலையே கவிழ்க்கும்போது எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழி லாகின்) போய்விடும், கடைசி வரிகள் தெரியாது. இரண்டு போர்டுகளின் 40 பின் ஹெடரும் ஒன்றேதான், இரண்டும் 3.3 வோல்ட். பை 4இன் 8ஆம் பின்னை ஜீரோவின் 10க்கு, 10ஐ 8க்கு, 6ஐ 6க்கு, மூன்றே கம்பி. இரண்டிலும் கான்ஃபிக் ஃபைலில் எனேபிள்_யுஆர்ட்=1. பை 4இன் கெர்னல் கன்ஸோல் 115200 வேகத்தில் சீரியலுக்கு, ஜீரோவில் சீரியல் லாகின் மட்டும் அணைத்துவிட்டு மினிகாம் (சீரியலில் வருவதைக் காட்டும் நிரல்) ஓடட்டும். நடிக்கிற போர்டே சாட்சியும் சொல்லும். பேனிக்குக்கு (கெர்னல் கவிழ்வதற்கு) பிறகு பை 4 தானாக ரீபூட் ஆகும்படி வைத்திருந்தால் நிறுத்திவிடுங்கள், ஒரே கேபிளில் மின்சாரம் கொடுக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

பஸ்ஸில் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஹோஸ்டில் யூஎஸ்பிமான் மாட்யூலும் வயர்ஷார்க்கும் போதுமா என்றால், முக்கால்வாசிக்குப் போதும். அது யுஆர்பி மட்டத்தில் பார்ப்பது. கம்பியில் நடக்கும் மறுமுயற்சிகள், சிஆர்சி (டேட்டா சரிபார்ப்பு) பிழைகள் அதில் தெரியாது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 24 மெகாஹெர்ட்ஸ், 8 சேனல் லாஜிக் அனலைசரை சிக்ராக் மென்பொருளோடு வைத்துக் கம்பியையே பார்க்கலாம் என்று ஆசைப்படுவார்கள். 1.5 எம்பிபிஎஸ் லோ-ஸ்பீடு கீபோர்டுக்கு பிட்டுக்கு 16 சாம்பிள் கிடைக்கும், அழகாகப் படிக்கலாம். 12 எம்பிபிஎஸ்ஸில் பிட்டுக்கு 2 சாம்பிள்தான், ஆகாது. 480ஐ நினைக்கவே வேண்டாம்.

ஏற்காடு மேலே

காப்பித் தோட்டங்களில் மழை, ஈரப்பத அளவிகளை இந்தப் போர்டில் மாட்டலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. சாதனமாக நடிக்க வைக்கிற அதே மைக்ரோ யூஎஸ்பி சாக்கெட்தான் அங்கே பலவீனம். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் உள்ளே புகுந்து நிற்கிற மாதங்களில் தொடர்பு முனைகள் பச்சை பூக்கும், சாக்கெட் தளர்ந்துவிட்டால் காற்றுக்கே -71 வரும். போர்டைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், கேபிளைப் பெட்டியின் சுவரிலேயே இறுக்கிப் பிடிக்க வையுங்கள். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்குமேல் போகக்கூடாது. மரத்தடியில் அளவி, பங்களாவில் போர்டு என்றால் தூரத்தை ஆர்எஸ்-485 என்ற நெடுந்தூர சீரியல் கம்பியில் கடந்து, கடைசி ஒரு அடியை மட்டும் யூஎஸ்பி ஆக்குங்கள். அப்படிச் செய்தால் தனி டிரைவரே தேவைப்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தனி டிரைவர் தேவையா என்ற அந்தக் கேள்வியை எல்லோரும் தங்களுக்கே ஒருமுறை போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு நிரல் மட்டும் சாதனத்தோடு பேசப் போகிறதென்றால் லிப்யூஎஸ்பியும் (கெர்னலுக்கு வெளியிலிருந்தே சாதனத்தோடு பேச உதவும் நூலகம்) அனுமதிக்கு ஒரு யூடெவ் விதியும் போதும், கவிழ்ந்தாலும் நிரல் மட்டும் கவிழும். சாதனம் சீரியலாகவோ கீபோர்டாகவோ சென்சாராகவோ மற்ற நிரல்களுக்கும் தெரிய வேண்டுமானால் கெர்னலுக்குள் போங்கள். போனால் மூல நிரலைத் திறந்து கொடுக்கும் ஜிபிஎல் உரிமத்தோடுதான் போக முடியும். யூஎஸ்பி கோரின் ஃபங்ஷன்கள் ஜிபிஎல் மாட்யூல்களுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன. மூடி வைத்து விற்கலாம் என்ற எண்ணத்தில் ஆரம்பிப்பவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். மெயின்லைனுக்கு அனுப்புவதென்றால் செக்பேட்ச் ஸ்கிரிப்டை முதலில் ஓட்டி, யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்டிடம் கேளுங்கள். யூஎஸ்பி பகுதியைப் பராமரிப்பவர் கிரெக் குரோவா-ஹார்ட்மன், டேப்பும் ஸ்பேஸும் கலந்து கிடக்கும் பேட்சை அவர் பார்வைக்கு விடவேண்டாம்.

வாங்கும்போது ஹெடர் பின்கள் ஏற்கெனவே சாலிடர் செய்த டபிள்யூஎச் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் நாற்பதையும் சாலிடர் செய்ய உட்கார வேண்டாம், 6, 8, 10 மூன்று துளைக்கும் கம்பியை நேராகப் பற்றவைத்துவிட்டால் கன்ஸோல் வேலைக்குப் போதும்.